முதலில் மின்கட்டண பில்லைக் கேளுங்கள்

கோலாலம்பூரில் மூன்றாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "மாணவர் மன்றத்தில் சுற்றுச்சூழல் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். இதுவரை மறுசுழற்சித் தொட்டிகள் வைத்தோம், மரம் நட்டோம். ஒரு பல்கலைக்கழகம் சுற்றுச்சூழலுக்குத் தரும் பாதிப்பை உண்மையில் எப்படிக் கணக்குப் பார்க்கிறார்கள், எப்படிக் குறைக்கிறார்கள்? நாங்கள் செய்வதில் ஏதாவது பயன் உண்டா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பயன் உண்டு, ஆனால் கொஞ்சம்தான். தொட்டியும் மரமும் கண்ணுக்குத் தெரிகிறவை. பாதிப்பின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது: மொட்டைமாடியில், அடித்தள அறையில், ஆய்வகத்து அலமாரிக்குப் பின்னால்.

நான் இதே ஊரில் ஒரு வளாகத்தின் கட்டடப் பராமரிப்புப் பிரிவில் இருபத்து நான்கு ஆண்டுகள் இருந்தவன். கடைசிப் பத்து ஆண்டுகள் மின்சாரக் கணக்கு என் கையில். ஆகவே என் பதிலில் குளிரூட்டும் இயந்திர அறை வாடை கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

ஓர் இரவு, மணி பத்தரை இருக்கும். தண்ணீர் பம்ப் ஒன்று நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். வேலையை முடித்துத் திரும்பும் வழியில் முந்நூறு பேர் உட்காரும் விரிவுரை மண்டபம். அதன் கண்ணாடிக் கதவின் வெளிப்பக்கம் முத்து முத்தாக வியர்த்துத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. எங்கள் தொழிலில் இருப்பவனுக்கு அது போதும். உள்ளே குளிர் கொட்டிக் கிடக்கிறது என்று அர்த்தம். கதவைத் திறந்தால் ஆள் ஒருவரும் இல்லை. சுவரில் 18 டிகிரி. கடைசி வகுப்பு மாலை ஆறு மணிக்கே முடிந்திருக்கிறது. வாசலில் இருந்த பாதுகாவலர் அண்ணனைக் கேட்டேன். "தினமும் இப்படித்தான் சார். சுவிட்ச் அந்தப் பெட்டிக்குள்ள இருக்கு. பெட்டிக்குப் பூட்டு. சாவி ஆபீஸ்ல. ஆபீஸ் அஞ்சு மணிக்கே மூடிடுவாங்க" என்றார்.

மறுநாள் விசாரித்தால் கதை இன்னும் நன்றாக இருந்தது. மாணவர்கள் சுவிட்சை நோண்டுகிறார்கள் என்று யாரோ ஒரு விரிவுரையாளர் புகார் கொடுக்க, பெட்டியை வாங்கிப் பூட்டியது துறை. மின்கட்டணத்தைக் கட்டுவது துறை அல்ல, தலைமை நிதிப்பிரிவு. நிதிப்பிரிவுக்கு மாதம் ஒரு பில் வரும், மொத்த வளாகத்துக்கும் சேர்த்து. எந்த மண்டபம் எவ்வளவு தின்றது என்று அதில் இருக்காது. துறைக்கோ பில் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. பாதுகாவலருக்குத் தெரியும், அவரிடம் சாவி இல்லை.

பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் பிரச்சினை பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன். பயன்படுத்துகிறவர் ஒருவர், பணம் கட்டுகிறவர் இன்னொருவர், பார்க்கிறவர் மூன்றாமவர். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. மின்சாரத்தில் மட்டுமல்ல, ஆய்வகம், கேண்டீன், கார் நிறுத்துமிடம், எங்கே போனாலும் இதே கதைதான் வேறு வேடத்தில் வரும்.

சரி, கணக்குக்கு வருவோம். உலகம் முழுக்க இப்போது மூன்று கூடைகள் வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். ஸ்கோப் 1, 2, 3 என்பார்கள். வளாகத்துக்குள்ளேயே எரிவதும் கசிவதும் முதல் கூடை: ஜெனரேட்டர் டீசல், பல்கலைக்கழக பஸ், ஏர்கோனுக்குள் இருக்கும் வாயு. விலைக்கு வாங்கும் மின்சாரம் இரண்டாவது. மற்றதெல்லாம் மூன்றாவது: மாணவரின் மோட்டார், பேராசிரியரின் விமானப் பயணம், வாங்கும் கணினி, கேண்டீன் சோறு, குப்பை லோரி. மூன்றாவது கூடைதான் ஆழம் காண முடியாதது. அதை முழுதாக எண்ணி முடித்த பல்கலைக்கழகத்தை நான் பார்த்ததில்லை. இரண்டாவதை எண்ணுவது எளிது, பில்லைப் பார்த்தால் போதும். நம் நாட்டில் குறைக்க எளிதானதும் அதுதான்.

எவ்வளவு என்று ஒரு குறிப்புக்குச் சொல்கிறேன். மலேசியாவில் 2025 ஜனவரி 1 முதல் எரிசக்தித் திறன் மற்றும் சேமிப்புச் சட்டம் நடப்பில் இருக்கிறது. சட்ட எண் 861. ஆண்டுக்கு 21,600 கிகாஜூல் அல்லது அதற்கு மேல் எரிசக்தி செலவழிக்கும் இடம் பதிவுபெற்ற எரிசக்தி நிர்வாகி ஒருவரை நியமிக்க வேண்டும், தணிக்கை செய்ய வேண்டும். மின்சாரத்தில் சொன்னால் அது சரியாக 60 லட்சம் யூனிட். அதற்கு முன்பிருந்த 2008 விதிமுறையில் ஆறு மாதத்துக்கு 30 லட்சம் யூனிட் என்று இருந்ததும் இதே அளவுதான். பெரிய வளாகங்கள் இந்தக் கோட்டைச் சுலபமாகத் தாண்டிவிடும். தீபகற்ப மலேசியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ கார்பன் டைஆக்சைடு வெளியாகிறது, ஏனென்றால் நம் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலும் எரிவாயுவிலும் வருகிறது. அப்படியானால் 60 லட்சம் யூனிட்டுக்கு ஆண்டுக்கு 4,500 டன். நீங்கள் நட்ட மரங்கள் எத்தனை என்று நான் கேட்கவில்லை.

இந்த மின்சாரம் எங்கே போகிறது? விளக்குக்கும் கணினிக்கும் போவதைவிடக் குளிரூட்டலுக்குப் போவதே அதிகம். நம் ஊர்க் கட்டடங்களில் பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொண்டால் பெரிய தவறு வராது. நடுவில் சில்லர் என்ற பெரிய இயந்திரம் தண்ணீரைக் குளிராக்கும். அந்தத் தண்ணீரைப் பம்ப் கட்டடம் முழுக்கச் சுற்ற விடும். அறைக்கு அறை விசிறி அதன்மேல் காற்றை ஊதும். கூரையிலோ பின்பக்கத்திலோ கூலிங் டவர் சூட்டை வெளியே தள்ளும். வயதான சில்லர் ஒரு டன் குளிருக்கு (டன் என்பது இங்கே எடை அல்ல, குளிரூட்டும் திறனின் அளவு) ஒரு கிலோவாட் வாங்கும், சில சமயம் அதற்கும் மேலே. புதியது 0.6 கிலோவாட்டில் அதே வேலையைச் செய்யும். 500 டன் சில்லர் முழுச் சுமையில் ஓடினால் இரண்டுக்கும் நடுவே மணிக்கு 200 யூனிட் வித்தியாசம். ஒரு வீடு இரண்டு வாரம் ஓட்டும் மின்சாரம், ஒரு மணி நேரத்தில்.

புது சில்லர் வாங்கப் பணம் இல்லை என்பார்கள். உண்மைதான், மில்லியன் வெள்ளி (ரிங்கிட்) கணக்கில் போகும். ஆனால் வாங்குவதற்கு முன்னாலேயே செய்ய நிறைய இருக்கிறது. சில்லரில் சூட்டை வெளியே விடும் பகுதியான கண்டென்சரின் குழாய்களுக்குள் சுண்ணாம்புபோலப் படியும் அழுக்கைத் தேய்த்துக் கழுவினாலே இயந்திரம் மூச்சு விடும். பம்புக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி போட்டால், தேவை குறைந்த நேரத்தில் பம்பும் மெதுவாக ஓடும். பம்பின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் அது வாங்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். இயற்பியல் மாணவர் யாராவது பக்கத்தில் இருந்தால் ஏன் என்று கேளுங்கள், வேகத்தின் மும்மடிக் கணக்கு என்று சொல்வார். வகுப்பு அட்டவணையை ஏர்கோன் டைமரோடு பொருத்துவது இன்னொன்று. இதற்குச் செலவே இல்லை, ஆனால் இதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை. அட்டவணை ஒரு பிரிவின் கையில், டைமர் இன்னொரு பிரிவின் கையில்.

அரசு அலுவலகங்களில் ஏர்கோனை 24 டிகிரிக்குக் கீழே வைக்கக்கூடாது என்று 2011-இல் உத்தரவு வந்தது. எங்கள் வளாகத்திலும் சுற்றறிக்கை ஒட்டினோம். சுற்றறிக்கைக்குக் கீழேயே 19 டிகிரியில் ஜாக்கெட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அதிகாரியை நான் பார்த்திருக்கிறேன். அவரிடம் பேசிப் பார்த்தபோதுதான் புரிந்தது, அவருக்கு வேண்டியது குளிர் அல்ல. அறை கசகசவென்று இருந்தது. நம் ஊரில் வெப்பத்தைவிட ஈரப்பதம்தான் ஆளைக் கொல்கிறது. ஈரத்தை எடுக்கிற அளவுக்குக் கருவி சரியாக இல்லையென்றால் மனிதர் பட்டனை அழுத்திக் கீழே கொண்டுபோகத்தான் செய்வார். கருவியின் சுருளைக் கழுவி, தண்ணீர் வால்வைச் சரிசெய்து கொடுத்த பிறகு அவர் 24-இல் நிம்மதியாக இருந்தார். ஜாக்கெட்டை மட்டும் கழற்றவில்லை, பழக்கம்.

இன்னொரு விஷயம், அதிகம் பேர் கவனிக்காதது: உச்சத் தேவை. பெரிய வாடிக்கையாளர்களிடம் மின்வாரியம் எத்தனை யூனிட் என்று மட்டும் பார்ப்பதில்லை. அரைமணி அரைமணியாகச் சராசரி எடுத்து, மாதத்திலேயே மிக உயர்ந்த அரைமணி எதுவோ அதற்குத் தனியாகக் கட்டணம் போடும். பழைய நடுத்தர அழுத்த வணிகக் கட்டணத்தில் கிலோவாட்டுக்கு 30 வெள்ளி 30 சென். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு எல்லாச் சில்லரையும் ஒரேயடியாகத் தட்டிவிட்டு 100 கிலோவாட் கூடுதலாக ஏறினால், அந்த ஓர் அரைமணிக்கு 3,030 வெள்ளி. 2025 ஜூலையில் கட்டண அமைப்பு மாறியது, ஆனால் உச்சத்துக்குப் பணம் வாங்கும் பழக்கம் போகவில்லை. ஆகவே ஒன்றன்பின் ஒன்றாக, கால்மணி இடைவெளி விட்டு ஓட்ட வேண்டும். இதைச் செய்ய ஒரு காகிதமும் ஒரு கடிகாரமும் போதும்.

சூரியத் தகடு பற்றிக் கேட்பீர்கள். நல்லதுதான். நம் வானத்தில் ஒரு கிலோவாட் தகடு ஆண்டுக்குச் சுமார் 1,200 யூனிட் தரும். ஒரு மெகாவாட் போட்டால் 12 லட்சம். 60 லட்சம் யூனிட் வளாகத்தில் அது ஐந்தில் ஒரு பங்கு. பல்கலைக்கழகத்துக்கு ஒரு வசதி, பகலில்தான் மின்சாரம் வேண்டும். தகடு தருவதை அப்படியே சில்லர் குடித்துவிடும். ஆனால் வரிசையை மாற்றக்கூடாது. ஓட்டைப் பானையை அடைக்காமல் இன்னொரு குழாய் திறந்துவிடுவது போலாகிவிடும், காலி மண்டபத்தை 18 டிகிரிக்குக் குளிர வைக்கச் சூரிய மின்சாரம் வாங்கினால்.

முதல் கூடையில் ஒரு சின்னப் பூதம் ஒளிந்திருக்கிறது. சுவரில் மாட்டும் ஏர்கோனுக்குள் இருக்கும் ஆர்410ஏ வாயு ஒரு கிலோ கசிந்தால், பூமியைச் சூடாக்குவதில் 2,088 கிலோ கார்பன் டைஆக்சைடுக்குச் சமம். பத்து கிலோ கசிந்தால் ஏறக்குறைய 21 டன். 28,000 யூனிட் மின்சாரம் எரித்ததற்கு ஒப்பு. "கேஸ் டாப் அப்" என்று குத்தகைக்காரர் ஆண்டுதோறும் ஊற்றிவிட்டுப் போகிறாரே, அந்தப் பழைய கேஸ் எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றும் வாயு தீர்ந்துபோகாது, தம்பி. ஓட்டை இருந்தால்தான் குறையும். புதிய ஆர்32 வாயுவின் கணக்கு 675, மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே. வாங்கும்போது இதைக் கேட்டு வாங்கலாம். வாயு வாங்கிய ரசீதுகளைக் கூட்டினாலே கசிவுக் கணக்கு கிடைத்துவிடும். என் அனுபவத்தில் மிகவும் அதிர்ச்சி கொடுத்த கூட்டல் அதுதான்.

ஆய்வகங்களுக்குப் போவோம். ஃபியூம் கப்போர்ட் என்று ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்குமே, நச்சுப்புகையை உறிஞ்சி மேலே தள்ளுவது, அது புகையை மட்டும் உறிஞ்சுவதில்லை. நாம் காசு கொடுத்துக் குளிராக்கிய காற்றை அள்ளி அள்ளிக் கூரைக்கு மேலே கொட்டுகிறது. கண்ணாடியைக் கீழே இறக்கி வைத்தால், காற்றின் அளவைத் தானே மாற்றிக்கொள்ளும் வகையாக இருந்தால், மிச்சம் கணிசமாக வரும். அடுத்தது உறைபெட்டி. உயிரியல் மாதிரிகளை மைனஸ் 80 டிகிரியில் வைக்கிறார்கள். வயதான பெட்டி ஒன்று நாளுக்கு 20 யூனிட் தின்னும். ஒரு சராசரி வீட்டைவிட அதிகம். பல மாதிரிகளுக்கு மைனஸ் 70 போதும், அந்தப் பத்து டிகிரியில் மட்டும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் மிச்சமாகும். ஆனால் ஆராய்ச்சியாளரிடம் போய்ப் பத்து டிகிரி ஏற்றுங்கள் என்றால், பெற்ற பிள்ளையைத் தெருவில் நிறுத்தச் சொன்னதுபோலப் பார்ப்பார். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. பத்து வருட உழைப்பு அந்தப் பெட்டிக்குள். முதலில் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பட்டியல் எடுக்கச் சொல்வதுதான் வழி. பட்டியல் எடுத்தால் பாதிப்பெட்டி எப்போதோ படித்து முடித்துப் போன மாணவர்களுடையதாக இருக்கும்.

இரசாயனக் கழிவு தனி உலகம். 2005-இன் அட்டவணைக் கழிவு (ஆபத்தான கழிவு) விதிமுறைப்படி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். பாதரசம் உள்ள பழைய குழல்விளக்கு எஸ்டபிள்யூ 109. மின்னணுக் கழிவு 110. ஹாலஜன் (குளோரின் போன்றவை) இல்லாத கரைப்பான் 322, இருப்பது 323. இரண்டையும் ஒரே டப்பாவில் ஊற்றினால் தலைவலி. தொற்றுக்கழிவு 404. 180 நாளுக்கு மேலோ 20 டன்னுக்கு மேலோ வைத்திருக்கக்கூடாது. லேபிள் ஒட்டி, மின்னியல் முறையில் பதிந்து, உரிமம் பெற்ற லோரியில் ஏற்றி, உரிமம் பெற்ற ஆலைக்கு அனுப்ப வேண்டும். எங்கள் வளாகத்தில் ஒரு முறை ஓர் அலமாரியை நகர்த்தியபோது பின்னால் பதினோரு பழுப்புக் கண்ணாடிப் புட்டிகள். லேபிள் மை அழிந்துபோய், ஒன்றில் மட்டும் ஆண்டு தெரிந்தது, நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்திய ஆண்டு. என்னவென்று தெரியாத பொருளை எந்த எண்ணில் போடுவது? அதைச் சோதித்துப் பார்க்க ஆன செலவு, அந்தப் புட்டிகளை முதலில் வாங்கிய விலையைப்போலப் பல மடங்கு. வாங்கும்போது இரண்டரை லிட்டர் புட்டி மலிவு என்று வாங்குவார்கள், தேவை இருநூறு மில்லிலிட்டராக இருக்கும். மிச்சத்தை அகற்றும் செலவு வாங்கியவர் கணக்கில் வராதே. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் யாரோ கொட்டிய இரசாயனத்தால் பள்ளிப் பிள்ளைகள் மயங்கி விழுந்தது நினைவிருக்கும். அதற்குப் பிறகு எங்கள் ஆய்வகங்களிலும் கையெழுத்துகள் கொஞ்சம் வேகமாக விழ ஆரம்பித்தன.

இப்போது உங்கள் தொட்டிகள். கோலாலம்பூரில் வீட்டுக் குப்பையைப் பிரித்துப் போடுவது 2015 செப்டம்பரிலேயே கட்டாயமானது; பினாங்கு தன் சொந்த ஏற்பாட்டில் 2016-இல் தொடங்கியது. வளாகத்தில் தொட்டி வைப்பதில் சங்கடம் என்னவென்றால், தே தாரே மிச்சத்தோடு ஒரு பிளாஸ்டிக் குவளை காகிதத் தொட்டிக்குள் விழுந்தால் மொத்தமும் வீண். நம் குப்பையில் எடை அதிகம் சாப்பாடுதான். ஈரமான அது ஒட்டியதெல்லாம் கெடும். குப்பைக் கிடங்கில் போய்ப் புதைந்தால் மீத்தேன் வாயு ஆகும். நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டைஆக்சைடைவிடச் சுமார் 28 மடங்கு சூடேற்றும். கோலாலம்பூர்க் குப்பை தாமான் பெரிங்கின் மாற்று நிலையம் வழியாக புக்கிட் தாகார் குப்பைக் கிடங்குக்குப் போகிறது. பினாங்குத் தீவின் குப்பை கடலைத் தாண்டி நிபோங் திபாலுக்கு அருகே புலாவ் புரோங்கில் இறங்குகிறது. 2022 ஜனவரியில் அந்த இடம் தீப்பற்றி நாள்கணக்கில் புகைந்தது. அக்கம்பக்கத்து மக்கள் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

ஆகவே முதலில் ஈரத்தைப் பிரியுங்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 2010-களின் தொடக்கத்தில் ஆரம்பித்த குப்பை ஒழிப்பு இயக்கம் சமையல் கழிவைத் தனியே சேகரித்து வளாகத்துக்குள்ளேயே உரமாக்கியது. கோஷத்தைவிடத் தராசை நம்பினார்கள் என்பது எனக்குப் பிடித்தது. பினாங்கில் யூஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) மாணவர்கள் போலிஸ்டைரின் சாப்பாட்டுப் பெட்டிக்கு எதிராக "வெள்ளைச் சவப்பெட்டி" என்று பெயர் வைத்து இயக்கம் நடத்தினார்கள். பெயர் வைத்த பிள்ளைக்கு ஒரு சபாஷ். சோற்றை அதில் தாப்பாவ் பண்ணும், அதாவது பொட்டலம் கட்டும் ஆசையே போய்விடும். வளாகத்தில் அந்தப் பெட்டி தடை செய்யப்பட்டது. மாணவர்கள் தொடங்கி நிர்வாகம் பின்னால் வந்த விஷயம் என்பதால் உங்களுக்கு இதைச் சொல்கிறேன். தடையை நிலைநிறுத்தியது கேண்டீன் குத்தகை ஒப்பந்தம்தான். ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் கடைக்காரர் கேட்பார். சுவரொட்டிக்கு யாரும் கேட்பதில்லை.

யூஎஸ்எம்மைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லாமல் இருக்க முடியவில்லை, நான் பினாங்குப் பிள்ளை. குளுகோரில் பழைய மிண்டன் ராணுவ முகாமில் அமைந்த வளாகம் அது. பெரிய மழைமரங்கள் அந்தக் காலத்திலிருந்தே நிற்கின்றன. 2001 வாக்கில் "தோட்டத்துக்குள் பல்கலைக்கழகம்" என்ற கொள்கையை எடுத்தார்கள். 2008-இல் அப்பெக்ஸ் என்ற அரசின் சிறப்புத் தகுதி கிடைத்தபோது நீடித்த வளர்ச்சியையே மையமாக வைத்தார்கள். இதெல்லாம் தாளில் இருப்பவை. நான் நேரில் போய்ப் பார்த்து வாயைப் பிளந்தது நிபோங் திபாலில் உள்ள பொறியியல் வளாகத்தில். 2000-களின் தொடக்கத்தில் அங்கே வடிகால் நீர்ப்பாசனத் துறையோடு சேர்ந்து ஒரு வடிகால் அமைப்பைக் கட்டினார்கள், பயோஎக்கோட்ஸ் என்று பெயர். நம் ஊரில் வடிகால் என்றால் சிமெண்ட் சாக்கடைதானே? அங்கே புல்வெளி ஓடைதான் வடிகால். மழை பெய்தால் தண்ணீர் புல்லுக்கு மேலே மெதுவாக நகர்ந்து, கீழே மணலுக்குள் புதைத்திருக்கும் பிளாஸ்டிக் கூடுகளுக்குள் இறங்கி, வறண்ட குளத்தில் தங்கி, கடைசியில் செடிகள் நிறைந்த சதுப்பு வழியாகச் சுத்தமாகி ஆற்றுக்குப் போகும். நான் போன அன்று நல்ல மழை. அரைமணி கழித்துப் பார்த்தால் புல்மேல் தண்ணீர் இல்லை, செருப்பில் சேறும் இல்லை. மழைநீரை எவ்வளவு வேகமாக விரட்டலாம் என்பதுதான் எனக்குச் சொல்லித் தந்த பொறியியல். இங்கே எவ்வளவு மெதுவாக விடலாம் என்று யோசித்திருக்கிறார்கள். கோலாலம்பூரில் மேட்டு நிலத்தில் இருக்கும் வளாகங்கள் இதைக் கொஞ்சமாவது செய்தால், கீழே இருக்கும் குடியிருப்புகளில் திடீர் வெள்ளம் கொஞ்சமாவது தணியும்.

பசுமை என்றால் மலாயாப் பல்கலைக்கழகத்தின் ரிம்பா இல்முவையும் சொல்ல வேண்டும். 1974-இல் தொடங்கிய 80 ஹெக்டர் தாவரத் தோட்டம். முதல் உலகத் தமிழ் மாநாடு 1966-இல் நடந்த அந்த வளாகத்துக்குத் தமிழாய்வுக்காகப் போகிறவர்கள் பலர் இதை எட்டிப் பார்க்காமலேயே திரும்பிவிடுகிறார்கள். புது மரம் நடுவதற்கு முன் இருக்கிற காட்டை வெட்டாமல் வைத்திருப்பது பெரிய காரியம். அதற்குத் திறப்பு விழா கிடையாது, பூமாலை கிடையாது.

போக்குவரத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் பல்கலைக்கழகத்தின் கை நீளம் குறைவு. கிளானா ஜெயா தடத்தில் "யுனிவர்சிட்டி" என்றே ஓர் எல்ஆர்டி (இலகு ரயில்) நிலையம் உண்டு. ஆனால் அங்கிருந்து வகுப்பறைக்கு இன்னும் தூரம். நண்பகல் வெயிலில் அந்தக் கடைசித் தூரத்தை நடக்க யாரும் தயாராக இல்லை, நானும்தான். ஃபீடர் பஸ் வர இருபது நிமிடம் என்றால் அம்மா அப்பாவிடம் சொல்லி மோட்டார் வாங்கிவிடுகிறோம். வேண்டியவை மூன்று: நிழல் உள்ள நடைபாதை, நேரத்துக்கு வரும் பஸ், இலவசமாக இல்லாத கார் நிறுத்துமிடம். இந்த மூன்றாவதைப் பற்றிப் பேசிய துணைவேந்தர்கள் அதிகம் இல்லை. நிறுத்துமிடம் இலவசம் என்றால் அதன் நிலத்துக்கும் தாருக்கும் யார் பணம் கட்டுகிறார்கள்? பஸ்ஸில் வருகிறவனும் சேர்த்துத்தான்.

தரவரிசைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை, உங்கள் நிர்வாகம் அவற்றைத்தான் முதலில் காட்டும். இந்தோனேசியப் பல்கலைக்கழகம் 2010-இல் தொடங்கிய யூஐ கிரீன்மெட்ரிக் தரவரிசையில் எரிசக்தி, பருவநிலை, கழிவு, போக்குவரத்து, கல்வி, வளாக அமைப்பு, தண்ணீர் என்று தலைப்புவாரியாக மதிப்பெண் உண்டு. யூஎஸ்எம் 2022-இல் டைம்ஸ் உயர்கல்வித் தாக்கத் தரவரிசையில் உலகில் நான்காம் இடத்தைப் பகிர்ந்துகொண்டது. நம் நாட்டுக்குப் பெருமைதான். ஆனால் இந்தப் பட்டியல்களுக்கு விவரம் கொடுப்பது பல்கலைக்கழகமேதான். கொள்கை இருக்கிறதா, குழு இருக்கிறதா என்பதற்கும் மதிப்பெண் உண்டு. கொள்கை எழுதுவது சில்லர் கழுவுவதைவிடச் சுலபம். என் ஆலோசனை: தரவரிசையைத் திட்டவும் வேண்டாம், கும்பிடவும் வேண்டாம். அதற்காக நிரப்பிய படிவத்தின் நகலை மட்டும் கேளுங்கள். அதில் மின்சாரம், தண்ணீர், குப்பை எல்லாவற்றுக்கும் எண் இருக்கும். மூன்று ஆண்டுப் படிவத்தை அருகருகே வைத்துப் பார்த்தால் எது குறைந்தது, எது குறைந்ததுபோல எழுதப்பட்டது என்று உங்களுக்கே தெரியும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? பன்னிரண்டு மாத மின்கட்டண பில்லை நிதிப்பிரிவிடம் கேளுங்கள். தர மறுத்தால் பராமரிப்புப் பிரிவிடம் போங்கள். அங்கே என்னைப்போல ஒருவர், யாராவது கேட்க மாட்டார்களா என்று வருடக்கணக்காகக் காத்திருப்பார். கட்டடத்துக்குக் கட்டடம் துணை மீட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் உங்கள் மன்றம் எழுதும் முதல் கடிதம் அதற்காக இருக்கட்டும். துறைவாரியாக எண்ணைப் போட்டு மாதாமாதம் தலைவர்களுக்கு அனுப்பினால், யாரையும் திட்டாமலேயே கொஞ்சம் இறங்கும்; பக்கத்துத் துறையைவிட நாம் அதிகமா என்ற ரோஷம் வந்துவிடும்.

அப்புறம், ஓர் இரவு பத்து மணிக்கு மேல் நான்கு பேராக நடந்து பாருங்கள். அனுமதிக் கடிதம் கையில் இருக்கட்டும், மீட்டர் அறைக்குள் எதையும் தொட வேண்டாம். எந்தக் கண்ணாடி வெளிப்பக்கம் வியர்த்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பாதுகாவலரிடம் இரண்டு நிமிடம் பேசுங்கள், அவருக்கு எல்லாம் தெரியும்.

நான் சொன்ன அந்த மண்டபத்துப் பெட்டிச் சாவிக்கு ஒரு நகல் எடுத்துப் பாதுகாவலர் அறையில் மாட்ட மூன்று கடிதமும் நான்கு மாதமும் ஆயின. சாவி வெட்டிய கடைக்காரர் ஆறு வெள்ளி வாங்கினார்.